வண்டி நின்ற பிறகு எழுதுவது யார்?

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவைக் கடலோரமாக ஒரு சுற்று சுற்றி வந்தால் 210 கி.மீ. சொச்சம்தான். காலையில் சென்-தெனியில் கிளம்பி எந்தப் பக்கம் போனாலும் மதியத்துக்குள் சென்-பியேர் வந்துவிடும். "நாலரை மணி நேரம் விடாமல் ஓட்ட இங்கே ரோடே கிடையாது, அப்புறம் எனக்கெதற்கு டாகோ?" என்று லாரி ஓட்டும் நம் ஆட்கள் கேட்பது இதனால்தான். டாகோ என்றால் டாகோகிராஃப்: ஓட்டும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் பதியும் பெட்டி. நாலரை மணி என்பது விடாமல் ஓட்ட விதி அனுமதிக்கும் எல்லை. புதுச்சேரியிலிருந்து வந்து இங்கே கனரக லைசென்ஸ் எடுத்தவர்களும் கேட்கிறார்கள். மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்து, தமிழைக் கோயிலிலும் வகுப்பிலும் கற்றவர்களும் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. பெரிய நாட்டில் டிரைவர் மாட்டுவது ஓட்டிய நேரத்தால். இந்தத் தீவில் மாட்டுவது பெரும்பாலும் ஓட்டாத நேரத்தால். ஓட்டும்போது பெட்டி தானாக எழுதிக்கொள்கிறது. வண்டி நின்றதும், நீங்கள் என்ன பொத்தானை அழுத்துகிறீர்களோ அதை அப்படியே நம்பி எழுதுகிறது. துறைமுக வரிசை, கிடங்கு வாசல், கரும்பு மேடை என்று நம் ஊர் லாரி பாதி நாள் நின்றுகொண்டே இருக்கும் வண்டி. ஆக, பாதிப் பதிவு டிரைவரின் விரலில் இருக்கிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம்: "சின்னத் தீவுக்கு விலக்கு உண்டாமே?" உண்டு. ஓட்டும் நேரம், ஓய்வு நேரம் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதியில், பாலமோ சுரங்கமோ இல்லாமல் தனித்திருக்கும் தீவுக்குள்ளேயே ஓடும் வண்டிகளுக்கு உறுப்பு நாடு விலக்குத் தரலாம் என்று இருக்கிறது. ஆனால் தீவின் பரப்பு 2,300 சதுர கி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. மற்ற பிரெஞ்சுத் தீவுகளான மர்த்தினிக்கும் குவாதலூப்பும் அந்த அளவுக்குள் அடங்கும். ரீயூனியனின் பரப்பு 2,512. இருநூறு சொச்சம் சதுர கி.மீ.யில் நழுவிவிட்டோம். எரிமலை கடலில் கொட்டும் குழம்பால் தீவு வளரத்தான் செய்கிறது, சுருங்குவதாயில்லை.

பெட்டி வேண்டிய வண்டி எது என்பது சுலபம். சரக்கென்றால், டிரெய்லரோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல். ஆட்களென்றால், டிரைவரோடு ஒன்பது பேருக்கு மேல் ஏற்றும் வண்டி. பஸ்ஸில் ஒரு வெட்டு இருக்கிறது: வழித்தடம் 50 கி.மீ.யைத் தாண்டாத வழக்கமான சேவைக்கு இந்த ஐரோப்பிய விதி இல்லை. சென்-லூயியிலிருந்து சிலாவோஸ் ஏறும் பஸ் அதில் வரும். சென்-தெனி–சென்-பியேர் நேர் பஸ் வராது. எரிமலைக்குச் சுற்றுலாக் கூட்டத்தை ஏற்றிப் போகும் பஸ், எவ்வளவு குறைந்த தூரம் ஓடினாலும், வழக்கமான சேவை இல்லை, பெட்டி வேண்டும்.

பெட்டியின் உள்ளே

டேஷ்போர்டில் ரேடியோ அளவில் இருக்கும் அதை இங்கே எல்லோரும் "மூஷார்" என்பார்கள். பிரெஞ்சில் அதற்குக் காட்டிக்கொடுப்பவன் என்று பொருள். பாவம், அதற்குத் தானாகத் தெரிவது ஒன்றே ஒன்று: வண்டி ஓடுகிறதா, எவ்வளவு வேகத்தில். அதையும் அது பார்ப்பதில்லை, எண்ணுகிறது. கியர்பாக்ஸின் வெளித்தண்டுப் பக்கம் திருகியிருக்கும் சென்சார், பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு துடிப்பை அனுப்பும். ஒரு கி.மீ.க்கு எத்தனை துடிப்பு என்பதுதான் அந்த வண்டியின் எண், 'டபிள்யூ' என்பார்கள். அதே எண்ணைப் பெட்டிக்குள் ஏற்றிவைப்பது 'கே'. இரண்டும் ஒத்துப்போனால் பெட்டி உண்மை சொல்லும்.

ஒத்துப்போகாவிட்டால்? ஒரு வண்டி 1,000 மீட்டருக்கு 8,180 துடிப்பு அனுப்புகிறது, பெட்டியில் 8,000 என்று இருக்கிறது என்று வையுங்கள். பெட்டி ஒவ்வொரு கி.மீ.யையும் 1,022 மீட்டராக எழுதும், 80 கி.மீ. வேகத்தைக் கிட்டத்தட்ட 82 என்று காட்டும். இதற்குக் கள்ளத்தனம் எதுவும் தேவையில்லை, டயர் தேய்ந்தாலே போதும். 315/80 டயரின் ரப்பர் 12 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவில் 75 மி.மீ. போகும். ஏறக்குறைய 3,300 மி.மீ. சுற்றளவில் அது 2 சதவீதத்துக்கு மேல். ஓட்டத்தில் இருக்கும் வண்டிக்குத் தூரத்தில் 4 சதவீதம், வேகத்தில் மணிக்கு 6 கி.மீ. வரை பிழையை விதி பொறுக்கும். பொருத்தும்போதும் பரிசோதனையின்போதும் தூரத்தில் 2 சதவீதம்தான்.

அதனால்தான் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அங்கே சரக்கில்லாத வண்டியை, டயர்க் காற்று சரியான அளவில் இருக்க, உருளை மேடையிலோ அளந்த தடத்திலோ சுமார் 50 கி.மீ. வேகத்தில் ஓட்டிக் கணக்கெடுப்பார்கள். முடிந்ததும் ஒரு சின்னப் பட்டயத்தை ஒட்டுவார்கள்: டபிள்யூ, கே, டயர் சுற்றளவு, டயர் அளவு, தேதி. டயரை வேறு அளவுக்கு மாற்றினாலோ, வண்டியின் பதிவு எண் மாறினாலோ, பெட்டியின் கடிகாரம் 20 நிமிடத்துக்கு மேல் பிசகினாலோ இரண்டு வருடம் காத்திருக்கக் கூடாது, உடனே போகவேண்டும். டயர்க் கடையில் "இந்த அளவு ஸ்டாக் இல்லை, அடுத்த அளவு போடட்டுமா" என்று கேட்கும்போது பட்டயத்தில் உள்ள அளவு நினைவுக்கு வரட்டும். கப்பலில் வந்து சேரவேண்டிய தீவில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

இன்னொரு சின்ன விஷயம். வேகம் நிர்ணயித்த எல்லையைத் தாண்டி 60 விநாடிக்கு மேல் நீடித்தால் பெட்டி அதைத் தனி நிகழ்வாகக் குறித்துவைக்கும். "எனக்குத்தான் 90-இல் லிமிட்டர் இருக்கிறதே" என்பார்கள். லிமிட்டர் டீசலைத்தான் வெட்டும், பிரேக் போடாது. புளியமரச் சாலை என்று பெயருள்ள தாமரேன் சாலையின் நீண்ட இறக்கங்களில் முழுச் சுமையோடு கியரைத் தளர்த்திவிட்டால் வண்டி தானே 95-ஐத் தொடும்.

சக்கரம், சுத்தியல், பெட்டி, கட்டில்

திரையில் வரும் படங்கள் நாலு. ஸ்டியரிங் சக்கரம் என்றால் ஓட்டுதல். குறுக்கே போட்ட இரண்டு சுத்தியல் என்றால் மற்ற வேலை: ஏற்றுவது, இறக்குவது, காகிதம் எழுதுவது, வண்டியைச் சுற்றிப் பார்ப்பது, டீசல் போடுவது, கழுவுவது. குறுக்குக் கோடு போட்ட சதுரப் பெட்டி என்றால் தயார்நிலை: வேலை இல்லை, ஆனால் கூப்பிட்டால் போகவேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். கட்டில் என்றால் ஓய்வு: அந்த நேரம் முழுக்க உங்களுடையது.

வண்டி உருண்டதும் பெட்டி தானாகச் சக்கரத்துக்குப் போகும். நின்றதும் தானாகச் சுத்தியலுக்குப் போகும். தனியாக அமைத்திருந்தாலொழிய கட்டிலுக்குத் தானாகப் போகாது. எஞ்சினை அணைத்தால் கட்டிலுக்கு மாறும்படி சில வண்டிகளில் அமைத்திருப்பார்கள். அது உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், முந்தைய வண்டியில் இருந்தது என்று நம்பாதீர்கள்.

வண்டி நின்ற 120 விநாடிக்குள் நீங்கள் கட்டிலை அழுத்தினால், நின்ற கணத்திலிருந்தே கட்டில் என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். மூன்றாவது நிமிடத்தில் அழுத்தினால் அந்த மூன்று நிமிடமும் சுத்தியல்தான். 15 நிமிட இடைவேளை 12 ஆகிவிடும், 12 நிமிடம் கணக்கில் பூஜ்யம். நின்றதும் முதலில் பொத்தான், பிறகு ஃபிளாஸ்க்.

நிமிடக் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் லெ போர் துறைமுக வாசலில் நகர்ந்து நகர்ந்து நிற்கும் வரிசையில் அதுதான் விளையாடும். ஒரு நிமிடத்துக்குள் எந்தச் செயல் விடாமல் அதிக நேரம் நடந்ததோ, முழு நிமிடமும் அதன் பெயரில் போகும். சமமாக இருந்தால் கடைசியாக நடந்தது. 10:04:10-க்கு நகர்ந்து 10:04:30-க்கு நின்றால் ஓட்டம் 20 விநாடி, நின்றது 30. அந்த நிமிடம் ஓட்டமாகாது. 10:04:45 வரை நகர்ந்தால் ஓட்டம் 35. முழு நிமிடமும் சக்கரம். முன்னும் பின்னும் சக்கர நிமிடங்கள் இருந்தால் நடுவில் மாட்டிய நிமிடம், முழுக்க நின்றிருந்தாலும், சக்கரம்தான். 2011 அக்டோபருக்கு முன் இருந்த கணக்கு இதைவிடக் கடுமை: ஒரு நிமிடத்தில் ஐந்து விநாடி உருண்டாலும் மொத்தமும் ஓட்டம்.

வரிசையில் நிற்கும்போது கட்டில் போட்டுவிட்டு, முன்வண்டி நகர்ந்ததும் பத்து மீட்டர் நகர்த்தி நிறுத்துகிறவர்கள் கவனிக்கவேண்டியது இது: நகர்த்தி நிறுத்தியதும் பெட்டி கட்டிலுக்குத் திரும்பாது, சுத்தியலில் நிற்கும். திரையைப் பார்க்காதவர் முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பார். பெட்டியிலிருந்து எடுக்கும் அச்சில் இரண்டு நிமிடக் கட்டிலும் 43 நிமிடச் சுத்தியலும் வரும். மறுபடி அழுத்தினால் போயிற்றா என்றால், பதிவு அழகாக வரும், அவ்வளவுதான். அடுத்த வண்டி நகரும்போது நீங்களும் நகரவேண்டுமென்றால் அது ஓய்வு இல்லை. விதி சொல்லும் இடைவேளையில் ஓட்டவும் கூடாது, வேறு வேலையும் கூடாது.

ஓட்டும் நேரத்தின் எல்லைகள் பலருக்கும் மனப்பாடம். விடாமல் நாலரை மணி, பிறகு 45 நிமிடம். பிரித்தால் முதலில் 15, பிறகு 30, இந்த வரிசையில்தான். ஒரு நாளைக்கு 9 மணி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56, தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு 90. இந்தத் தீவில் இவற்றைத் தொடுவது அரிது. தொடுகிற எல்லை வேறு: பிரான்சின் போக்குவரத்துச் சட்டத் தொகுப்பில் உள்ள வேலைநேர இடைவேளை. ஓட்டம், சுத்தியல் எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் 30 நிமிட இடைவேளை, ஒன்பது மணியைத் தாண்டினால் 45. ஒவ்வொரு துண்டும் குறைந்தது 15 நிமிடம்.

ஒரு கன்டெய்னர் டிரைவரின் காலை எப்படி ஓடுகிறது பாருங்கள். 5:00-க்குத் தன் டிரைவர் கார்டைப் பெட்டியில் செருகி 15 நிமிடம் வண்டியைச் சுற்றிப் பார்க்கிறார். 5:15 முதல் 6:00 வரை துறைமுகத்துக்கு ஓட்டம். 7:40 வரை வரிசை, காகிதம், ஏற்றம். 9:10 வரை சென்-பியேருக்கு ஓட்டம். 10:30 வரை இறக்குமிடத்தில் சரக்கு அடுக்கிய பலகைகளை எண்ணிக் கையெழுத்து. இப்போது திரையில் ஓட்டம் 2 மணி 15 நிமிடம். இன்னும் 2 மணி 15 நிமிடம் பாக்கி என்று காட்டுகிறது. மனிதர் நிம்மதியாக வடக்கே திரும்புகிறார். 11:00-க்கு, தாமரேன் சாலையின் நடுவில், ஆறு மணி நேர வேலை முடிந்துவிட்டது. இடைவேளை ஒன்றுகூட இல்லை.

பெட்டி கத்தியிருக்காது. தொடர் ஓட்டம் நாலரை மணியை நெருங்கும்போது, 15 நிமிடம் முன்னதாக எச்சரிக்கவேண்டும் என்பதுதான் கருவிக்கான விதி. ஆறு மணி வேலைக்கு அப்படி எச்சரிக்கையைக் கேட்கவில்லை. அதை டிரைவர்தான் எண்ணவேண்டும். கார்டு செருகிய நேரத்தோடு ஆறைக் கூட்டி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். எந்தச் செயலியையும்விட அது உருப்படியான வழி.

அதே காலையில், இறக்குமிடத்து ஆட்களே இறக்குகிறார்கள், டிரைவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றால், 9:10-க்கே கட்டில் போட்டிருக்கலாம். 80 நிமிட உண்மையான ஓய்வு. ஆறு மணிக் கணக்கும் தீர்ந்தது, தொடர் ஓட்டக் கணக்கும் பூஜ்யத்துக்கு வந்தது. அதே இடத்தில் பலகைகளை எண்ணிக்கொண்டே கட்டில் போட்டால் அது பொய்ப் பதிவு. கேமராவும் கையெழுத்திட்ட டெலிவரித் தாளின் நேரமும் அதைக் காட்டிக்கொடுக்கும். இந்த விஷயத்தில் மூஷார் அவைதான், பெட்டி இல்லை. என் கணிப்பில், வேண்டுமென்றே பொய் எழுதுபவர்களைவிட, உண்மையாக எடுத்த ஓய்வை அழுத்த மறந்து இழப்பவர்கள்தான் அதிகம். பதிந்ததைப் பெட்டிக்குள் பிறகு திருத்த முடியாது. அச்செடுத்து, பின்பக்கம் நடந்ததை எழுதிக் கையெழுத்திடுவது ஒன்றுதான் வழி.

ட்ரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசும் முதலாளிகளுக்கும் ஒரு வரி. தூரத்துக்கோ சுமைக்கோ ஏற்ற கூலி, சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும்படியோ விதியை மீறத் தூண்டும்படியோ இருந்தால், 561/2006-இன் 10-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. டிரைவர் மட்டும்தான் குற்றவாளி என்ற பேச்சு எடுபடாது.

கிரீன்விச் நேரமும் நம் விடியற்காலையும்

டிஜிட்டல் பெட்டி பதிவது யூ.டி.சி. எனும் கிரீன்விச் நேரத்தில். திரையில் உள்ளூர் நேரம் தெரியலாம். நினைவகத்திலும் சட்டப்படியான அச்சிலும் யூ.டி.சி.தான். ரீயூனியன் அதைவிட நாலு மணி நேரம் முன்னால், வருடம் முழுக்க. ஆகவே பெட்டியின் 'நாள்' நமக்கு விடியற்காலை 4 மணிக்குத்தான் மாறும்.

காய்கறிச் சந்தைக்கு லாரி எடுப்பவர் திங்கட்கிழமை 3:00-க்கு வேலை தொடங்கினால், பெட்டிக்கு அது ஞாயிறு 23:00. திங்கட்கிழமையின் அச்சை எடுத்தால் முதல் ஒரு மணி நேரம் அதில் இருக்காது. ஞாயிற்றுக்கிழமையின் அச்சில் இருக்கும். ஞாயிறு வேலை செய்ததாகப் பதிவாகிவிட்டதே என்று பதறத் தேவையில்லை. ஆனால் சோதனையில் அன்றைய அச்சைக் கேட்டால் இரண்டு நாளுக்கும் சேர்த்து எடுத்துக் கொடுங்கள். அலுவலகத்தில் கார்டைப் படிக்கும் மென்பொருளின் நேர மண்டலம் பாரிஸ் என்று வைத்திருந்தால் இன்னொரு குழப்பம்: பிரான்சின் குளிர்காலத்தில் எல்லா நேரமும் 3 மணி நேரம் பின்தங்கித் தெரியும், கோடையில் 2. சம்பளக் கணக்கில் இரவு வேலை நேரம் மாயமாவது சில சமயம் இங்கிருந்துதான்.

பழைய பெட்டிகள் கையால் நிரப்பும் நேரத்தையும் யூ.டி.சி.யிலேயே கேட்கும். கார்டை வெளியே எடுத்த நேரத்துக்கும் மறுபடி செருகிய நேரத்துக்கும் இடையில் என்ன செய்தீர்கள் என்று பெட்டி கேட்பதுதான் கைப்பதிவு. நிரப்பாவிட்டால் அந்தக் காலம் கேள்விக்குறியோடு அச்சாகும். காவடிக்குப் பத்து நாள் விரதமிருந்து லீவு முடித்து வருகிறீர்கள் என்றால், செருகியதும் 'சேர்க்கவா?' என்று கேட்கும்போது அவசரத்தில் 'வேண்டாம்' போடாதீர்கள். பத்து நாளையும் ஒரே கட்டிலாக நிரப்ப அரை நிமிடம் ஆகும். இடையில் ஒரு நாள் பட்டறையில் வேலை பார்த்திருந்தால் அந்த நேரத்துக்குச் சுத்தியல். தொடங்கும் நாடு, முடிக்கும் நாடு என்று கேட்டால் பிரான்சின் எஃப்தான். தீவுக்குத் தனி எழுத்து தேடவேண்டாம்.

2024 டிசம்பர் 31 முதல், சோதனையில் காட்டவேண்டியது அன்றைய நாளும் அதற்கு முந்தைய 56 நாளும். முன்பு 28. ஆகவே எட்டு வாரம் முன்பு விட்ட கேள்விக்குறி இன்றும் உயிரோடு இருக்கிறது. நிறுவனம் கார்டை 28 நாளுக்கு ஒருமுறை, பெட்டியின் நினைவகத்தை 90 நாளுக்கு ஒருமுறையாவது இறக்கி வைக்கவேண்டும்.

2006 மே 1-க்கு முன் பதிவான லாரிகளில் இன்னும் வட்டத் தாள்தான். மெழுகு பூசிய தாளில் மூன்று ஊசி: ஒன்று வேகம், ஒன்று செயல், ஒன்று தூரம். தூர ஊசி ஒருமுறை மேலேறினால் 5 கி.மீ., கீழிறங்கினால் இன்னொரு 5. அதன் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் ஓடும். மறந்துபோய் 24 மணி நேரத்துக்கு மேல் விட்டால் புதுக் கோடு பழைய கோட்டின் மேலேயே விழும். வழக்கமான தவறு, கடிகாரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் மாற்றி வைப்பது: முள் சரியாகத்தான் காட்டும், தாளில் காலை வேலை ராத்திரி வேலையாக வரும்.

கரும்புக் காலம்

ஜூலையிலிருந்து டிசம்பர் வரை கரும்பு வெட்டு. விவசாயி டிராக்டரில் எடைமேடை வரை கொண்டுவருவார். அங்கிருந்து சென்-ஆந்த்ரேயின் புவா-ரூஜ் ஆலைக்கோ சென்-லூயியின் கோல் ஆலைக்கோ பெரிய கூண்டு டிரெய்லர்கள் இழுத்துப்போகும். அவற்றைத் திமிங்கிலம் என்ற பொருளில் கஷலோ என்கிறோம். ஒரே கரும்பு, இரண்டு சட்டம். விவசாய நிறுவனம் தன் தொழிலுக்காகத் தன் இடத்திலிருந்து 100 கி.மீ. ஆரத்துக்குள் ஓட்டும் வண்டிக்கும், விவசாய டிராக்டருக்கும் உறுப்பு நாடு விலக்குத் தர ஐரோப்பிய விதி இடம் கொடுக்கிறது. கூலிக்கு இழுக்கும் கஷலோவுக்கு அந்த இடம் கிடையாது. விவசாயியின் மகன் சனிக்கிழமை டிராக்டர் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை கஷலோவில் ஏறினால், சனிக்கிழமை உழைத்தது ஓய்வாகிவிடாது. அதைச் சுத்தியலாகக் கைப்பதிவு செய்யவேண்டும்.

தோட்டத்து மண்பாதையில் ஓடும்போது போடுவதற்கு 'அவுட்' என்று ஒரு நிலை உண்டு: விதிக்கு வெளியே என்று பொருள். பொதுச் சாலையில் ஏறியதும் எடுத்துவிடவேண்டும். மறந்து அவுட்டிலேயே ஆலை வரை போனவர்களின் பதிவு, காந்தம் வைத்தவனின் பதிவைவிட மோசமாகத் தெரியும்.

காந்தம் என்றதும்: சென்சாரில் காந்தம் ஒட்டித் துடிப்பை நிறுத்தும் வித்தை பழையது. புதுப் பெட்டிகள் இரண்டாவது மூலத்திலிருந்தும் அசைவைக் கேட்டு ஒப்பிடும். ஒன்று ஓடுகிறது, மற்றது நிற்கிறது என்றால் 'அசைவு முரண்' என்று பதிந்துவிடும். அதோடு, துடிப்பு இல்லாவிட்டால் சில வண்டிகளில் ஏ.பி.எஸ்., கியர் மாற்றம் எல்லாம் குழம்பும். சிலாவோஸின் நானூறு வளைவுகளில் இறங்கும்போது அது தெரியவந்தால் அபராதம் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது. பதிவைத் திரிப்பதற்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு வருடச் சிறை, 30,000 யூரோ வரை அபராதம். அடுத்தவர் கார்டில் ஓட்டினாலோ, கார்டே போடாமல் ஓட்டினாலோ ஆறு மாதம், 3,750 யூரோ வரை. "என் கார்டில் நேரம் நிரம்பிவிட்டது, தம்பி, உன்னுடையதைக் கொடு" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்பவருக்குக் கொடுப்பது உதவி இல்லை.

கார்டு தொலைந்தால்

டிரைவர் கார்டு ஐந்து வருடத்துக்குச் செல்லும். முடிவதற்குக் குறைந்தது 15 வேலைநாள் முன்னதாகப் புதுப்பிக்க விண்ணப்பிக்கவேண்டும். பிரான்சில், கார்டு வழங்கும் க்ரோனோசெர்வீஸ் வழியாக. தபால் ஒன்பதாயிரம் கி.மீ. தாண்டி வருகிறது என்பதை மனத்தில் வைத்து அதற்கும் முன்பே அனுப்புங்கள். தொலைந்தாலோ பழுதானாலோ ஏழு நாளுக்குள் மாற்றுக் கார்டு கேட்கவேண்டும். கார்டு இல்லாமல் அதிகபட்சம் 15 நாட்காட்டி நாள் ஓட்டலாம். அந்த நாட்களில் வேலை தொடங்கும்போது ஒரு அச்சு, முடிக்கும்போது ஒரு அச்சு. இரண்டிலும் பெயர், கார்டு எண் அல்லது லைசென்ஸ் எண், கையெழுத்து. பெட்டிக்குத் தெரியாத வேலைகளைக் கையால் எழுதவேண்டும். மறதியில் வீட்டில் விட்டுவந்தது தொலைந்ததாகாது. அதற்கு இந்த 15 நாள் கிடையாது, திரும்பிப் போய் எடுத்துவரவேண்டும்.

பெட்டி கார்டைப் படிக்கவில்லை என்றால் முதலில் மென்துணியால் சிப்பைத் துடையுங்கள். வியர்வைச் சட்டைப்பையில் சில்லறையோடு கிடந்த கார்டுதான் பெரும்பாலும் மக்கர் செய்யும். அச்சுக் காகிதம் ஒரு சுருள் உபரியாக வேண்டும், பெட்டிக்கு அங்கீகரிக்கப்பட்ட வகை. கடை பில் சுருள் உள்ளே போனாலும் ஆகாது.

கடைசியாகப் புயல். சிவப்பு எச்சரிக்கை வரும் முன் குறித்த நேரத்துக்குள் சாலையைக் காலி செய்யவேண்டும். வெள்ளத்தில் ஆற்றுப்பாலம் மூடிவிட்டது, சுற்றிப் போனால் ஓட்டும் நேரம் தாண்டும், ஓய்வு சுருங்கும் என்றால் 12-ஆம் பிரிவு கைகொடுக்கும்: ஆளுக்கும் வண்டிக்கும் சரக்குக்கும் ஆபத்தில்லாத பொருத்தமான நிறுத்துமிடம் வரை போவதற்கு, தேவையான அளவு மட்டும், எல்லையைத் தாண்டலாம். கிளம்பும்போதே நேரம் போதாது என்று தெரிந்திருந்தால் இது பொருந்தாது. நிறுத்துமிடம் வந்ததும் அச்சை எடுத்து, பின்பக்கம் பிரெஞ்சில் எழுதுங்கள்: தேதி, எந்த இடத்தில் எந்தச் சாலை மூடியிருந்தது, எங்கே போய் நிறுத்தினீர்கள், எவ்வளவு தாண்டியது, கையெழுத்து. "புயல்" என்று ஒற்றைச் சொல் எழுதினால், எந்தப் புயல், எந்த நேரம் என்று சோதனை அதிகாரி கேட்பார். எட்டு வாரம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது.

அந்தத் துண்டை டேஷ்போர்டின் மேல் வைக்காதீர்கள். அது வெப்பத்தில் அச்சாகும் காகிதம். இங்கத்து வெயிலில் முன்பக்க எண்கள் வெளுத்துப்போய், பின்பக்கம் உங்கள் பேனா எழுத்து மட்டும் மிஞ்சும். மடித்து, கண்ணாடித்தாள் உறை இல்லாத சாதாரணக் காகித உறையில் போட்டு, வண்டிக் காகிதங்களோடு நிழலில் வையுங்கள்.